வெள்ளை மாத்திரை, சிவப்பு மாத்திரை

கும்மிடிப்பூண்டி
06.06.2025

சம்பந்தி அம்மா கல்பனா அவர்களுக்கு,

பூவராகவன் எழுதுவது. வணக்கம் சொல்லித்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்பதால் வணக்கம்.

கல்யாணம் முடிகிற வரைக்கும் நாம் இரண்டு பேரும் போனில் பேசக்கூடாது என்று என் பையன் விமலும் உங்கள் பெண் இளமதியும் தடை போட்டிருக்கிறார்கள். கடிதம் எழுதக்கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. அதனால் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு தபால் ஆபீசுக்குப் போய் உறை வாங்கினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தத்துக்கு வேப்பம்பட்டு மண்டபத்தில் நூற்றிருபது பேர் வந்திருந்தார்கள். எங்கள் கம்பெனி ஆட்களே முப்பது பேர். தாம்பூலப் பையில் தேங்காயோடு சேர்த்து நான் ஆசையாக ஒரு வெள்ளை மாத்திரை அட்டை வைத்திருந்தேன். நீங்கள் அதைப் பார்த்தீர்கள். பாட்டுக்காரரிடம் இருந்து மைக்கைப் பிடுங்கினீர்கள். "யாரும் இத வாயில போடாதீங்க, எடுத்துக் குடுத்துடுங்க" என்றீர்கள். இளமதியின் தோழிகள் பிளாஸ்டிக் வாளியோடு வரிசை வரிசையாக வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கொடுத்ததை வாளியில் திருப்பி வாங்கிய நிச்சயதார்த்தத்தை நான் இதற்கு முன்னால் கேள்விப்பட்டதில்லை. பாயசம்கூடக் குடிக்காமல் கிளம்பினேன். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

அம்மா, நான் மாத்திரை விற்கிறவன் இல்லை. ஸ்டீல் மில்லில் கிரேன் ஓட்டுகிறவன். பதினோரு வருஷமாக எனக்கு நெஞ்செரிச்சல். கூண்டில் ஏறி உட்கார்ந்து ஒரு ஏப்பம் விட்டால் தொண்டை வரைக்கும் காந்தும். எங்கள் மில்லில் வேலை செய்கிற தணிகைவேல்தான் இரண்டு மாத்திரையைச் சொன்னான். வெள்ளை மெக்னீசியம், சிவப்பு விட்டமின். வெள்ளையை மென்று தின்றால் பத்து நிமிஷத்தில் அடங்குகிறது. சித்திரை மாதம் குலதெய்வம் கோயிலில், பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகக் கறிச்சோறு பயப்படாமல் சாப்பிட்டேன். இரண்டாவது தடவை போடச் சொல்லிக் கேட்டும் சாப்பிட்டேன். அன்றைக்கு வந்த சந்தோஷத்தில்தான், என் பையன் விசேஷத்துக்கு வருகிற எல்லோருக்கும் இது கிடைக்கட்டும் என்று நினைத்தேன். வேறு எந்தக் கெட்ட எண்ணமும் எனக்கு இல்லை.

செல்வி என்ன சொல்கிறாள் தெரியுமா? "அந்தம்மா ஒரு வார்த்த சொல்லட்டுங்க. அதுக்கப்பறம் பத்திரிக அடிச்சிக்கலாம்." என் மனைவி சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன்.

இப்படிக்கு
ச. பூவராகவன்


திருவள்ளூர்
11.06.2025

சம்பந்தி ஐயாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் பிரித்தேன். பாதி வரைக்கும் கோபம் வந்தது. கறிச்சோற்றை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிய இடத்தில் சிரித்துவிட்டேன். மருந்து வாங்க நின்றிருந்தவர் தன் சீட்டைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்து, "இன்னாம்மா, எதுனா தப்பா எழுதிக்கீறாங்களா?" என்று பயந்துபோனார்.

மைக்கைப் பிடித்தது தப்பு. உங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். செல்வி அண்ணியிடமும் சொல்லுங்கள். மாத்திரையைத் திருப்பி வாங்கியதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

முன்வரிசையில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்தாரே, அவர் என் அண்ணன் சின்னராசு. அவருக்குச் சிறுநீரகக் கோளாறு. மெக்னீசியம் அதிகமானால் நம் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். அவருடையது தள்ளாது. ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும், இதயத்துடிப்பே தடுமாறும். அவர் அட்டையைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு, "சம்பந்தி குடுத்தது, நல்லதாத்தான் இருக்கும்" என்றார். நான் இருந்த இடத்தில் இருந்து எட்டக்கூடியதாக மைக் மட்டும்தான் இருந்தது.

இன்னொன்று. எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

இளமதியின் அப்பாவும் நெஞ்சு எரிகிறது என்றுதான் சொன்னார். "கேஸ்தாம்மா" என்று சொல்லி ஒரு வாரம் சோடா குடித்தார். நான் மருந்துக்கடை வைத்திருக்கிறவள். நானும் கேஸ் என்றே நினைத்து, அதற்கான மாத்திரையை என் கையால் எடுத்துக் கொடுத்தேன். அது மாரடைப்பு. இதோடு ஏழு வருஷம் ஆகிறது.

உங்களுக்கு ஐம்பத்தாறு வயது. பதினோரு வருஷமாக எரிகிறது என்கிறீர்கள். ஒரு தடவையாவது ஈ.சி.ஜி. எடுத்தீர்களா? முதலில் அதை எடுங்கள். பிறகு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள்.

கல்பனா


கும்மிடிப்பூண்டி
19.06.2025

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைச் செல்விக்குப் படித்துக் காட்டினேன். கடைசிப் பகுதி வந்ததும் என் கையில் இருந்து பிடுங்கி அவளே படித்தாள். அடுத்த நாள் நாஷ்டாகூடப் போடாமல் என்னை ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

சட்டையைக் கழற்றி, ஒயரெல்லாம் மாட்டிப் படுக்க வைத்தார்கள். இருபது டன் இரும்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போகும்போது வராத பயம் அன்றைக்கு வந்தது. வெளியே செல்வி நின்றுகொண்டு கதவு திறக்கும்போதெல்லாம், "இன்னா சொல்றாங்க? இன்னா சொல்றாங்க?" என்று போகிறவர் வருகிறவரை எல்லாம் கேட்டிருக்கிறாள்.

இதயத்தில் குறை இல்லை. மாடிப்படி ஏறும்போது வலிக்கிறதா, கை வலிக்கிறதா, வியர்க்கிறதா என்றெல்லாம் டாக்டரம்மா கேட்டார். ரத்தமும் எடுத்தார்கள். சிறுநீரகமும் நன்றாக இருக்கிறது. எல்லாம் வயிற்று அமிலம் மேலே ஏறுகிற வேலைதான் என்றார். செல்வி அங்கேயே அழுதுவிட்டு, வெளியே வந்து எனக்கு இரண்டு இளநீர் வாங்கிக் கொடுத்தாள்.

உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன். உங்கள் கையால் கொடுத்தேன் என்று எழுதியிருந்தீர்களே. அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்ததை வைத்துத்தானே கொடுத்தீர்கள்? செல்வியும் இதையே சொல்லச் சொன்னாள்.

பத்திரிகை அடிக்கக் கொடுத்தாகிவிட்டது.

ஆனால் மாத்திரை விஷயத்தில் நான் தோற்றதாக நினைக்காதீர்கள். வெள்ளையைத் தின்றால் அடங்குவது என் நெஞ்சுக்குத் தெரியும். அது எப்படி? இரண்டு அட்டையையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். படித்துப் பார்த்துப் பதில் எழுதவும். வாளியில் போடக்கூடாது.

பூவராகவன்


திருவள்ளூர்
24.06.2025

சம்பந்தி ஐயாவுக்கு,

இதயம் நன்றாக இருக்கிறது என்று படித்த அன்றைக்குக் கடைக்கு வந்த எல்லோரிடமும் சிரித்துச் சிரித்துப் பேசினேனாம். இளமதி சொன்னாள்.

உங்கள் அட்டைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். நீங்கள் சொன்னதில் பாதி உண்மை.

வெள்ளையில் இருப்பது மெக்னீசியம் ஹைட்ராக்சைடு. நெஞ்செரிச்சலுக்கு நாங்கள் கொடுக்கிற வெள்ளைத் தண்ணி மருந்திலும் இதுதான் இருக்கிறது. அமிலத்தோடு சேர்ந்து அதை அடக்கும். அதனால்தான் பத்து நிமிஷத்தில் சுகம். ஆனால் அது சத்து மாத்திரையாக வேலை செய்யவில்லை, அந்த நேரத்துக்கு அணைத்துவிட்டுப் போகிறது. உடம்பில் மெக்னீசியம் ஏறினால் நெஞ்செரிச்சல் வராது என்று சொல்வதற்கு, நான் தேடிய வரையில் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. ஒரு நாளைக்கு மூன்று நான்கு என்று தின்றால் வயிற்றுப்போக்கு வரும். உங்களுக்கு வந்ததா என்று கேட்க மாட்டேன்.

சிவப்பில் விட்டமின் சி நிறைய இருக்கிறது. அது அமிலம். கூடவே இரும்புச்சத்தும் இருக்கிறது. இரண்டும் சில பேருக்கு நெஞ்செரிச்சலைக் கிளப்பும். எரிச்சலுக்கு என்று எரிகிறதையே விழுங்குகிறீர்களோ என்று சந்தேகப்படுகிறேன்.

சந்தேகத்தை வைத்துச் சண்டை போட வேண்டாம். உங்கள் டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, சிவப்பை இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். வெள்ளை, எரிந்தால் மட்டும். என்ன சாப்பிட்டீர்கள், எப்போது படுத்தீர்கள், எப்போது எரிந்தது என்று எழுதி வையுங்கள். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் படுக்க வேண்டும். கட்டிலின் தலைமாட்டை உயர்த்துங்கள். தலையணையை அடுக்குவது உதவாது, கட்டிலே சாய வேண்டும். விழுங்கும்போது அடைத்தாலோ, காரணம் இல்லாமல் எடை குறைந்தாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

கல்பனா


கும்மிடிப்பூண்டி
12.07.2025

சம்பந்தி அம்மாவுக்கு,

வந்தது. நீங்கள் கேட்காமல் விட்ட அந்தக் கேள்விக்குப் பதில். வெள்ளையை நாலு தின்ற அன்றைக்குக் கிரேனில் இருந்ததைவிடக் கழிப்பறையில்தான் அதிக நேரம் இருந்தேன். தணிகைவேல் கீழே இருந்து, "அண்ணே, மேல ஏறிக்கினு கீறியா, எறங்கிக்கினு கீறியா?" என்று கேட்டான்.

டைரி எழுதினேன். எழுதியபோதுதான் எனக்கே தெரிந்தது. காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்து, இரண்டு தட்டுச் சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டு, அப்படியே சாய்ந்துவிடுகிறேன். படுக்கப் போகும்போது ஒரு மடக்குத் தண்ணீரில் அந்தச் சிவப்பு. பதினோரு வருஷமாகச் சாப்பிட்டு எழுந்து கை கழுவின ஈரம் காய்வதற்குள் படுத்திருக்கிறேன்.

சிவப்பை நிறுத்திய முதல் வாரம் நாலு நாள் எரிந்தது. இரண்டாவது வாரம் ஒரே நாள். அது தணிகைவேலின் பிறந்தநாள், ஆறு பஜ்ஜி. என் சந்தேகம் தீரவில்லை, ஆகவே பதினாறாவது நாள் வெறும் வயிற்றில் டீயோடு ஒரு சிவப்பைப் போட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் பேஜாராகிவிட்டது. மிச்சத்தை நானே வாளியில் போட்டேன்.

கட்டிலின் தலைமாட்டுக் காலுக்குக் கீழே இரண்டு செங்கல் வைத்தேன். இப்போது எனக்கு எரிவதில்லை, செல்வி சறுக்கிச் சறுக்கிக் கால்மாட்டுக்குப் போய்விடுகிறாள். "ஊட்டுக்குள்ளயே சறுக்குமரம் கட்டிட்டியே" என்கிறாள். சாப்பிட்டதும் படுக்கக்கூடாது என்று இரண்டு பேரும் சிப்காட் ரோட்டில் நடக்கிறோம். இருபத்தெட்டு வருஷத்தில் நாங்கள் இவ்வளவு பேசியதில்லை. அவளுக்கு இவ்வளவு சிரிப்பு வரும் என்பதும் எனக்குத் தெரியாது.

இப்போது ஒரு விஷயம். கோபப்படக்கூடாது.

நீங்களும் செல்வியும் கல்யாணப் பட்டு எடுக்கப் போன இடத்தில், தரையில் உட்கார்ந்திருந்த உங்களால் எழுந்திருக்க முடியவில்லையாம். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டதாம். விரல் மரத்துப் போகிறது, அடிக்கடி இப்படி ஆகிறது என்றும் சொன்னீர்களாம். சாப்பாட்டுக்கு முன்னால் கைப்பையில் இருந்து ஒரு மாத்திரை எடுத்துப் போட்டதைச் செல்வி பார்த்திருக்கிறாள். கேட்டதற்கு, "அசிடிட்டிக்கு அண்ணி, அவரு போனதுல இருந்து தெனம் ஒண்ணு போடறேன்" என்றீர்களாம்.

உங்களுக்கும் நெஞ்செரிச்சலா? ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

அன்றைக்கு எங்கள் டாக்டரம்மா என்னிடம், அமிலத்தைக் குறைக்கிற மாத்திரையை வருஷக்கணக்கில் போடுகிறீர்களா என்று கேட்டார். அப்படிப் போட்டால் சில பேருக்கு உடம்பில் மெக்னீசியம் குறையும், கால் இழுக்கும், கை மரக்கும் என்றார். நான் போடுவதில்லை என்பதால் அத்தோடு விட்டுவிட்டேன். செல்வி உங்கள் காலைப் பற்றிச் சொன்னதும் அந்தப் பேச்சு ஞாபகத்துக்கு வந்தது. ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் என்ன?

பூவராகவன்


திருவள்ளூர்
16.07.2025

ஐயா,

நான் பி.பார்ம். படித்தவள். இருபத்தாறு வருஷமாக மருந்துக்கடை நடத்துகிறேன். எந்த மாத்திரை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நாள் முழுக்க நிற்கிற எல்லோருக்கும் கால் இழுக்கத்தான் செய்யும்.

எனக்கு மெக்னீசியம் வேண்டும் என்று நீங்கள் சொல்வதற்கு, அந்த மைக் விஷயம்தான் காரணமோ என்று தோன்றுகிறது.

கட்டில் சாய்ந்ததில் சந்தோஷம்.

கல்பனா


கும்மிடிப்பூண்டி
20.07.2025

அம்மா,

மைக்கை நான் மறந்து ஒரு மாதம் ஆகிறது. என் பேரில் சத்தியம்.

நீங்கள் எனக்கு எழுதியதையே எழுதுகிறேன். முதலில் பரிசோதனை செய்யுங்கள். பிறகு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். இளமதிக்கு நீங்கள் ஒருத்தர்தான் இருக்கிறீர்கள்.

பூவராகவன்


திருவள்ளூர்
04.08.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சம்பந்தி என்று எழுதி எழுதி அலுத்துவிட்டது. உங்களுக்கு ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் வந்து மூன்று நாள் அதைக் கல்லாவுக்கு அடியில் வைத்திருந்தேன். கடைசி வரி இருக்கிறதே, அது தூங்க விடவில்லை. நாலாவது நாள் டாக்டரிடம் போனேன். எத்தனை வருஷமாகப் போடுகிறீர்கள் என்றார். ஏழு என்றேன். யார் எழுதிக் கொடுத்தது என்றார். நானே எடுத்துக்கொண்டேன் என்றேன். அலமாரி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். சீட்டு இல்லாமல் வருகிறவர்களைத் தினமும் திருப்பி அனுப்புகிறேன். எனக்கு மட்டும் நான் சீட்டே கேட்டதில்லை.

ரத்தத்தில் மெக்னீசியம் குறைவு. நன்றாகவே குறைவு.

டாக்டர் எனக்கு என்ன எழுதிக் கொடுத்தார் என்று நினைக்கிறீர்கள்? மெக்னீசியம் மாத்திரை. என் சொந்தக் கடையில், என் கையால், என் பேருக்குப் பில் போட்டு எடுத்தேன். கடைப் பெண் சோனியா, "அக்கா, ஏன்கா தனியா சிரிக்கிறீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் உள்ளே ஓடிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தாள். இளமதியோ உங்களுக்குப் போன் செய்யப் போனாள். தடை போட்டவள் நீதானே, நானே எழுதுகிறேன் என்று பிடித்து நிறுத்தினேன்.

அமில மாத்திரையை டாக்டர் சொன்னபடி சிறிது சிறிதாக நிறுத்துகிறேன். என் எரிச்சலுக்குக் காரணமும் மருந்துப் புத்தகத்தில் இல்லை. அவர் போன பிறகு நான் நேரத்துக்குச் சாப்பிட்டதே இல்லை. நாலு மணிக்கு ஆறின சோறு, எட்டு மணி வரைக்கும் வெறும் டீ. இப்போது ஒரு மணிக்குச் சோனியா கடையின் பாதிக் கதவைச் சாத்திவிட்டு, என் முன்னால் தட்டை வைக்கிறாள்.

ஒரு வாரமாகக் கால் இழுக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு நீங்கள் தவிர வேறு ஆள் தோன்றவில்லை.

நீங்கள் சொன்னதில் பாதி உண்மை என்று எழுதியிருந்தேன். நான் செய்ததிலும் பாதிதான் சரி. இருபத்தொன்பதாம் தேதி கல்யாணத்தில், திருத்தணியில் பார்ப்போம்.

உங்கள் தங்கை
கல்பனா


கும்மிடிப்பூண்டி
31.08.2025

அன்புத் தங்கச்சிக்கு,

எழுதாமல் இருக்க முடியவில்லை. தடை முடிந்து நேற்று ஒரு மணி நேரம் போனில் பேசினோம். இருந்தும் ஒன்றைச் சொல்லவில்லை. போனில் சொன்னால் என் குரல் உடைந்துவிடும்.

முகூர்த்தம் முடிந்து, பந்தி முடிந்து, மாலை வெயில் தாழ்ந்ததும் மலைக்குப் போனோம் அல்லவா? பொண்ணு மாப்பிள்ளை படி ஏறிப் போகட்டும், பெரியவர்கள் காரில் போகலாம் என்று ஏற்பாடு. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செல்வியோடு படிப் பக்கம் வந்தேன். மதியம் இலை போட்டு எல்லாமும் சாப்பிட்டிருந்தேன், பாயசம் இரண்டு தடவை. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சும்மா நெஞ்சு.

அப்போது கார்க் கதவு திறந்து நீங்கள் இறங்கினீர்கள். செருப்பைக் கழற்றி வண்டியில் போட்டீர்கள். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகினீர்கள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் எங்களைத் தாண்டி ஏறினீர்கள். ஐம்பது படி நடந்தீர்கள். ஒரு இடத்தில் நின்று, ஒரு காலை நீட்டிப் பார்த்தீர்கள், அடுத்த காலை நீட்டிப் பார்த்தீர்கள். அப்புறம் ஓடினீர்கள். திரும்பிப் பார்க்கவே இல்லை. அதனால் கீழே நடந்தது உங்களுக்குத் தெரியாது.

இளமதி நின்றுவிட்டாள். கழுத்தில் மாலையோடு அந்தப் படியிலேயே நின்றாள். விமல் பயந்துபோய், "இன்னா ஆச்சு, காலு வலிக்குதா?" என்று கேட்டான். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாய் சிரிக்கிறது. மேலே கையைக் காட்டினாள்.

"எங்கம்மா ஓடறாங்க" என்றாள். "மாமா, பாருங்களேன். அப்பா போனதுல இருந்து எங்கம்மா ஓடி நான் பாக்கல. ஓடறாங்க பாருங்க."

செல்வி அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். படியில் இறங்கி வந்த யாரோ ஒரு அம்மா, என்ன ஏது என்று தெரியாமலே, "நல்லா இருங்க, நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

இளமதிதான் என் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள்.

"இன்னா மாமா நின்னுக்கினு கீறீங்க? போங்க, அம்மா ஜெயிக்கப் போறாங்க!"

நானும் ஓடினேன்.

உன் அண்ணன்
பூவராகவன்